காஹாங் பங்களாவில் கிரேக்க வெண்கலக் காசுகள்

1943ஆம் ஆண்டு. சிங்கப்பூருக்கு அப்போது ஷோனான் என்று பெயர். கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். அதனால் நான் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்குப் போனபோது மணி எட்டு என்றாலும் வானம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. கையில் ஒரு துணிப்பை. அதில் மாற்று வேட்டி, பூதக்கண்ணாடி, பொன் நிறுக்கும் சின்னத் தராசு, மெல்லிய பிரஷ், வேகவைத்த மரவள்ளிக்கிழங்குத் துண்டுகள். சட்டைப்பையில் ஜப்பானிய முத்திரை குத்திய பிரயாணச் சீட்டு.

நான் தேவகோட்டைக்காரன். பெயர் லெட்சுமணன். எங்கள் வீட்டார் என்னை வட்டிக்கடைக்குத்தான் கப்பலேற்றினார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஹை ஸ்ட்ரீட் பக்கம் ஓர் ஆர்மீனியர் பழைய நாணயங்களும் தபால்தலைகளும் விற்கும் கடை வைத்திருந்தார். அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்து வெள்ளைக்காரர்களுக்குக் காசு பார்த்துப் பிரித்து, எந்த ஊர், எந்த அரசன் என்று எழுதி அனுப்புவது என் வேலை. அதற்காகக் கிரேக்க எழுத்தும் கற்றேன். சண்டை நெருங்கியதும் முதலாளி கப்பலேறிவிட்டார். கடை பூட்டப்பட்டது. அதன்பின் நான் கிழங்கு பயிரிட்டுக் காலம் தள்ளினேன்.

ஜொகூரில் காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் பழைய துரை எங்கள் வாடிக்கையாளர். அவரை நான் பார்த்ததில்லை. அவருடைய பங்களாவில் ஒரு பெட்டி நிறையப் பழைய காசுகள் இருந்ததாம். பெட்டி மூடியில் எங்கள் கடைப் பெயர் இருந்ததாம். தோட்டத்தை இப்போது நடத்தும் ஜப்பானிய மேலாளர் என்னைத் தேடி ஆள் அனுப்பிவிட்டார். மறுக்கும் காலமா அது? என் மனைவி மீனாட்சி அழுதாள். நானும் பயந்தேன். ஆனால் பயத்துக்கு அடியில், மறுபடி கிரேக்கக் காசுகளைக் கையில் எடுக்கப் போகிறோம் என்ற சந்தோஷமும் இருந்தது. அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் பாலத்தின் இரு முனையிலும் ரயில் நின்றது. ஜொகூர் பாருவில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். காவலாளிக்கு முன்னால் இடுப்பு வளைய வணங்கினோம். சரியாக வளையாத ஒரு கிழவருக்குக் கன்னத்தில் விழுந்தது. என் சீட்டைப் பார்த்ததும் காவலாளி என்னைத் தனியே விலக்கி முதலில் ஏறச் சொன்னான். ஏறிக்கொண்டேன்.

அங்கிருந்து குளுவாங் ஏறக்குறைய எழுபது மைல். சமாதான காலத்தில் காலைப் பலகாரம் சாப்பிட்டு ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். இப்போது விறகு எரித்து ஓடும் இஞ்சின். ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கி நிற்கும். தீப்பொறி ஜன்னல் வழியாக வந்து வேட்டியில் விழும். கூலாய் தாண்டியபின் இருபுறமும் பால்வெட்டாத ரப்பர் மரங்கள், நடுவில் களை ஆளுயரம். செடெனாக்கில் ஒரு சீனப் பெண்மணி வறுத்த சோளத்தூளில் போட்ட காப்பி விற்றாள். ஒரு குவளை, ஜப்பானியர் அச்சடித்த வாழைமர நோட்டில் ஐம்பது காசு. சர்க்கரை கிடையாது.

செடெனாக்கில் ஏறிய ஒருவர் என் எதிரே உட்கார்ந்தார். சாக்குத்துணியில் தைத்த கால்சட்டை, முழங்காலில் புண்.

“எங்க போறீங்க?” என்றார்.

“காஹாங்.”

“காஹாங்கா? அலமாக்! அந்தப் பக்கம் போகாதீங்க அண்ணே. சயாமுக்கு ஆள் பிடிக்கிறாங்க. ரயில் பாதை போடவாம். ஒரு தோட்டத்துல படம் காட்டுறோம்னு கூப்பிட்டு, கதவைச் சாத்தி லாரில ஏத்திட்டாங்க. என் மச்சான் அப்படித்தான் போனான். ஒரு தகவல் கிடையாது.”

“என்னைப் பிடிக்க மாட்டாங்க” என்று சொல்லிச் சீட்டைக் காட்டினேன். அவருக்குத் தைரியம் சொல்வதாகத்தான் நினைத்தேன். அவர் முத்திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். லாயாங் லாயாங் நிலையம் வந்ததும் வேறு பெட்டிக்குப் போய்விட்டார். அவர் இறங்க வேண்டிய ஊர் அதற்கும் அடுத்த ரெங்கம் என்று முன்பே சொல்லியிருந்தார்.

குளுவாங்கில் இறங்கும்போது சாயங்காலம். தோட்டத்து லாரி காத்திருந்தது. டிரைவர் ஒஸ்மான், குளுவாங் மலாய்க்காரர், ஐம்பது வயதிருக்கும். லாரியின் பின்னால் அடுப்புப் போல ஒரு தகர உருளை; கரி எரித்து அந்த வாயுவில் ஓட்டுவார். மெர்சிங் சாலையில் இருபது மைலுக்கு மேல் போக வேண்டும். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும் என்றார். இரண்டு தடவை தள்ளினேன்.

“துவான் பெரிய படிப்பாளியா?” என்று மலாயில் கேட்டார். துவான் என்றால் ஐயா.

“இல்லை. பழைய காசு பார்க்கத் தெரியும்.”

“காசு பார்க்கத் தெரிந்தவருக்கா மேலாளர் லாரி அனுப்புகிறார்!” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “நல்லபடியாகப் பார்த்துச் சொல்லுங்கள், துவான். அதில் ஓர் ஆளின் உயிர் இருக்கிறது” என்றார். எந்த ஆள் என்று கேட்டேன். வளைவு வந்தது. அவர் சாலையைப் பார்த்தார்.

பங்களா மேட்டில் இருந்தது. சிவப்புக் கூரை, சுற்றிலும் கம்பி வலை அடித்த வராந்தா. மேலாளர் நகாமுரா என்னை வாசலில் வந்து வரவேற்றார். நாற்பது வயதுக்காரர், கண்ணாடி போட்டவர், நல்ல ஆங்கிலம். “நீங்கள் களைத்திருப்பீர்கள். முதலில் சாப்பிடுங்கள்” என்றார். எனக்கு அது எதிர்பாராத மரியாதை.

சமையலறையை ஒட்டிய மேசையில் ஒரு தமிழ்ப் பெண்மணி தட்டு வைத்தார். வெள்ளைச் சோறு. ரேஷன் அரிசியின் பழுப்பு நிறமோ, சுண்ணாம்பு வாடையோ இல்லாத சோறு. கூடவே மீன் குழம்பு, கங்கூங் கீரை வதக்கல். நான் சோறு பார்த்துப் பல மாதமாகியிருந்தது. பேசாமல் தின்றேன். தட்டு காலியானதும் கூச்சமில்லாமல், “இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா” என்றேன். போட்டார். அதையும் தின்றுவிட்டு, “ரொம்ப நாளாச்சும்மா, இப்படிச் சாப்பிட்டு. கை மணம் உங்களுக்கு” என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செருக்குப் பிடித்த பெண்மணி என்று நினைத்தேன்.

கை கழுவ வெளியே வந்தேன். ஒஸ்மான் லாரியின் சாம்பலை வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

“சமைக்கிற அம்மா யார்?” என்றேன்.

“பாக்கியம். தோட்டத்துக் கிராணி மாணிக்கத்தின் மனைவி” என்றார். மரக்கூட்டத்துக்கு அப்பால் தெரிந்த, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகையைக் கையால் காட்டினார். “மாணிக்கத்தை அதற்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரை தங்கக் காசு வைத்திருந்தார், இவர் அதைத் திருடிவிட்டுப் பெட்டியில் செம்பைப் போட்டு வைத்தார் என்று குற்றம். துவான் நாளைக்குப் பார்க்கப் போவது அந்தப் பெட்டியைத்தான்.”

கிராணி என்றால் தோட்டத்து அலுவலக எழுத்தர். துரை சிங்கப்பூருக்கு ஓடியபோது பங்களாச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஓட நேரம் இருந்தும் இவர் போகவில்லை. பெட்டியைத் தன் வீட்டுக் கோழிக்கூட்டுக்கு அடியில் புதைத்துக் காப்பாற்றி, ஜப்பானியர் கேட்டதும் தோண்டிக் கொடுத்திருக்கிறார். அதற்குக் கிடைத்த கூலி இது.

என் விரலில் இன்னும் மீன் குழம்பு மணத்தது. புருஷன் பூட்டப்பட்டுக் கிடக்கும்போது அவனைக் குற்றவாளியாக்க வந்தவனுக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவன் மறுசோறு கேட்டிருக்கிறான். கையை மண்ணில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். மறுநாள் காலையில் சாப்பிடக் கூடாது என்று உறுதி செய்துகொண்டு படுத்தேன். காலையில் அதே தட்டில் சோறு வந்தது. சாப்பிட்டேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

வராந்தாவில் வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் மேசை போட்டுக்கொடுத்தார்கள். பெட்டியைத் திறந்தேன். முப்பது சொச்சம் காசுகள். பாசிப் பச்சை, கறுப்பு, சாக்லேட் நிறம். அத்தனையும் வெண்கலம். அந்தத் துரை எங்களிடம் வாங்கியதெல்லாம் வெண்கலம்தான். பொன்னுக்கும் வெள்ளிக்கும் கொடுக்க அவரிடம் பணமில்லை. அவருக்கு அனுப்பிய பொட்டலங்கள் பலவற்றை நானே கட்டியிருக்கிறேன்.

அதை நகாமுராவிடம் உடனே சொன்னேன்.

“நீங்களும் தமிழர், அவனும் தமிழன்” என்றார். “உங்கள் வாய்ச்சொல் எனக்கு வேண்டாம். இவை உண்மையான கிரேக்கக் காசுகள் என்றால் அதைக் காசுகளே காட்டட்டும். குளுவாங்குக்குத் தளபதி ஒருவர் வருகிறார். அவருக்கு நான் இதைப் பரிசளிக்க வேண்டும். சந்தைக் குப்பையைக் கொடுத்தால் என் கதி என்ன?”

அவருக்கும் பயம் இருந்தது. அப்போதுதான் தெரிந்தது.

வேலையைத் தொடங்கினேன். மழைத்தண்ணீரில் ஊறப்போட்டேன். தோட்டத்து எலுமிச்சையில் முள் பறித்துவந்து, எழுத்துகளின் இடுக்கில் இறுகியிருந்த மண்ணைத் துளித்துளியாக எடுத்தேன். ஊசி கூடாது, வெண்கலத்தின் மேல் படிந்த பச்சைத் தோல் கீறிவிட்டால் காசு போனது போலத்தான். கிரேக்க நாட்டில் ஒவ்வொரு நகரமும் தனித்தனியே காசு அடித்தது. ஆகவே தலை யாருடையது என்று மட்டும் பார்த்தால் போதாது. அப்பல்லோ தலையை ஐம்பது ஊர்க்காரர்கள் அடித்திருப்பார்கள். பின்பக்கம் திருப்பி, சின்னம் என்ன, பக்கத்தில் என்ன எழுத்து, என்ன எடை, விளிம்பு எப்படி என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊர் தெரியும்.

முதலில் வந்தது சுலபமான ஒன்று. நடுவில் தேனீ, அதன் இருபுறமும் இரண்டு எழுத்து. ஒன்று முள்கரண்டி போல, மற்றது வட்டத்தைக் கோலால் குத்தியது போல. ஊர்ப்பெயரின் முதல் இரண்டு கிரேக்க எழுத்து: எபேசஸ் நகரம். அடுத்தது ரோஜாப்பூ: ரோட்ஸ் தீவு. கழுகுத் தலையும் சிங்க உடம்பும் கொண்ட மிருகம், மறுபுறம் தாடிக்காரன்: கருங்கடல் கரையில் பாண்டிகாபயம். ரம்பப் பல் போல விளிம்பு வெட்டிய ஒன்று சிரியாவை ஆண்ட செலூக்கிய அரசர்களுடையது. அதில் அரசன் பெயர் தேய்ந்துபோயிருந்தது. விளிம்பை வைத்து வம்சத்தைச் சொல்லலாம், ஆளைச் சொல்ல முடியாது. சொல்ல முடியாதவற்றைத் தனியாக ஒரு குவியலாக வைத்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் பாக்கியம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். போகாமல் நின்றார்.

“செட்டியார் ஐயா, அதெல்லாம் பித்தளைதானே?”

“வெண்கலம்மா.”

“தங்கம் இருந்ததா எங்களுக்குத் தெரியாதுங்க. துரை ராத்திரி விளக்கு வச்சுக்கிட்டு இதைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு. பச்சையா இருக்கும். என்னத்துக்கு இந்தக் குப்பைன்னு நாங்க சிரிச்சிருக்கோம்.”

“நான் அப்படியேதாம்மா சொல்லப்போறேன்.”

“சொல்லிருங்க” என்றார். பிறகு, “ரெண்டு நாளா அவருக்குத் தண்ணி மட்டும்தான் குடுக்க விடுறாங்க” என்றார். என்மேல் குற்றம் சுமத்தும் குரல் இல்லை. எனக்குத் தெரியட்டும் என்று சொன்னது போல இருந்தது. எச்சில் தட்டு மேசை ஓரத்தில் இருந்தது. அதை நான் எடுத்துக் கழுவப் போனேன். “வேணாங்க, மேலாளர் பாத்தா என்னைத் திட்டுவாரு” என்று வாங்கிக்கொண்டார்.

கடைசியாக மிஞ்சியது பெட்டியிலேயே மிகப் பெரிய காசு. உள்ளங்கையை அடைக்கும். ஒரு பக்கம் ஆட்டுக்கொம்பு வைத்த ஜீயஸ் தெய்வம், மறுபக்கம் அவருடைய வஜ்ராயுதத்தின்மேல் நிற்கும் கழுகு, சுற்றிலும் அரசன் தாலமியின் பெயர். எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சம். கையில் எடுத்ததுமே, இது சரியில்லை என்றது மனம். தராசில் வைத்தேன். இந்த அளவுக்கு இருக்க வேண்டிய எடையில் நன்றாகக் குறைந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எழுத்துகளின் ஓரம் சோப்புக்கட்டி போல மழுங்கியிருந்தது. தளத்தில் ஊசிமுனைக் குழிகள், வார்ப்பில் காற்று அடைபட்ட குமிழிகள். விளிம்பில், அச்சின் இரு பாதி சேர்ந்த கோட்டை அரத்தால் ராவியிருந்தார்கள். உண்மைக் காசு முத்திரையால் அடிக்கப்படுவது. இது அச்சில் ஊற்றியது. போலி. எங்கள் கடையில் வாங்கியது அல்ல. கப்பலில் வரும்போது எகிப்துத் துறைமுகத்தில் யாரோ துரையின் தலையில் கட்டியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நகாமுரா வராந்தாவுக்கு வந்தார். மாணிக்கத்தையும் கொண்டுவரச் சொன்னார். நான் அவரை முதல்முதலாகப் பார்த்தது அப்போதுதான். நாற்பத்தைந்து வயது, மெலிந்த உருவம், உதடு வீங்கி வெடித்திருந்தது. கைகளை ரப்பர்க் கயிற்றால் கட்டியிருந்தார்கள். புகையின் வாடை உடம்பெல்லாம். சட்டைப் பொத்தானை மட்டும் கழுத்துவரை போட்டிருந்தார்.

நகாமுரா துரையின் அலமாரியிலிருந்து கிரேக்கக் காசுகளைப் பற்றிய ஒரு படப் புத்தகத்தை எடுத்துவந்திருந்தார். எல்லாம் பொன், வெள்ளிக் காசுகளின் படம். மாசிடோனிய அரசன் பிலிப்பின் பொற்காசைக் காட்டி, “கிரேக்கக் காசு என்றால் இது. இதைப் போல ஒன்று காட்டுங்கள்” என்றார்.

நான் ஒரு கறுத்த காசை அவர் கையில் வைத்துப் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். “படத்தில் இருக்கும் அப்பல்லோ தலையைப் பாருங்கள். மூக்கையும் தலைமுடியையும் பாருங்கள். இப்போது காசைப் பாருங்கள்.”

பார்த்தார்.

“திருப்புங்கள். பொற்காசில் தேர் இருக்கிறது. இதில் குதிரைவீரன். எழுத்தை மட்டும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.”

அவர் விரலை வைத்து எண்ணினார். எட்டு எழுத்தும் சரியாக இருந்தன. ‘பிலிப்புடையது’ என்று பொருள். அதே அரசன், அதே பெயர். பொன்னில் அடித்தது படைக்கும் கஜானாவுக்கும்; வெண்கலத்தில் அடித்தது ரொட்டிக்கும் மீனுக்கும் கொடுத்து வாங்க. இதை நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. படித்த மனிதர், ருசி தெரிந்தவர். தேனீயைக் காட்டினேன், ரோஜாவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாணிக்கத்தை மறந்துவிட்டோம். எனக்கு உற்சாகமாகப் பேச்சு வந்தது. கட்டிய கையோடு ஒரு மனிதன் நான்கு அடி தள்ளி நிற்கிறான் என்று சட்டென்று உறைத்தபோது பாதி வாக்கியத்தில் நின்றேன்.

“இது?” என்று நகாமுரா பெரிய காசை எடுத்தார். அவருக்கு எல்லாவற்றிலும் அதுதான் பிடித்திருந்தது. “தளபதிக்கு இதைத்தான் முதலில் காட்டப்போகிறேன். இதுவும் உண்மைதானே?”

போலி என்று சொன்னால் மாற்றி வைத்தவன் யார் என்பது அடுத்த கேள்வி. பதில் கயிற்றோடு எதிரே நின்றது. உண்மை என்று சொன்னால், டோக்கியோவில் யாராவது விவரம் தெரிந்தவர் பார்த்த நாளில் என் தலை போகும்.

“தாலமி அரசருடையது. அலெக்சாந்திரியாவில் அடித்தது. மிக நல்ல காசு” என்றேன்.

நகாமுரா என் கண்ணையே பார்த்தார். பிறகு மாணிக்கத்தின் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். சமையலறைக் கதவோரம் பாக்கியம் சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். அன்று மத்தியானம் அவர் எனக்குப் பரிமாறும்போது, “நீங்க நல்லாருக்கணும்” என்றார். முதல்முறையாக நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்த நிம்மதி மறுநாள் காலைவரை இருந்தது.

நான் புறப்பட வேண்டிய லாரி பங்களாவுக்கு வரவில்லை. தோட்டத்து அலுவலகத்துக்கு முன்னால் நின்றது. அதன் பின்புறம் இருபது பேருக்கு மேல் நெருக்கி நின்றார்கள். ஆளுக்கொரு மூட்டை. சுற்றிலும் பெண்களும் பிள்ளைகளும். அழுகைச் சத்தம் மேட்டுக்கே கேட்டது. சயாமுக்குப் போகிறவர்கள் என்று ஒஸ்மான் தலையைக் குனிந்தபடி சொன்னார். லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தவர் மாணிக்கம்.

நான் நகாமுராவிடம் ஓடினேன். “நேற்று விடுதலை செய்தீர்களே!”

“செய்தேன். திருடனாக இருந்தால் இங்கேயே தண்டித்திருப்பேன். அவன் யோக்கியன் என்று நீங்கள்தானே நிரூபித்தீர்கள்? அங்கே எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் கேட்கிறார்கள்” என்றார். குரலில் கோபமே இல்லை.

“அவரை விட்டுவிடுங்கள். தயவு செய்து...” என்று அவர் கையைப் பிடித்தேன். பிடித்திருக்கக் கூடாது. அறை விழுந்தது. என் மூக்குக்கண்ணாடி மண்ணில் போய் விழுந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று அடங்கினார்கள். கண்ணாடி இல்லாமல் எனக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது. தரையைத் தடவினேன். ஒரு கை என் கையில் கண்ணாடியை வைத்தது. மாணிக்கம் லாரியிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

“விடுங்க செட்டியார்” என்றார் மெதுவாக. “திருடன்னு பேர் எடுக்காம போறேன்ல. என் பொண்டாட்டி இந்தத் தோட்டத்துல தலைநிமிந்து நடப்பா.” பிறகு இன்னும் தணிந்த குரலில், “அந்தப் பெரிய காசு டூப்ளிகேட்டுன்னு எனக்குத் தெரியும். துரையே சொல்லித் தலையில அடிச்சுக்கிட்டாரு. நேத்து உங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். பயந்துட்டேன் லா” என்றார்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன்.

நகாமுராவின் ஆள் ஒருவன் ஒரு சிறு மூட்டை அரிசியைக் கொண்டுவந்து டிரைவர் பக்கத்து இருக்கையில் வைத்தான். எனக்கு வெகுமதி. அங்கே ஏறி உட்காரச் சொன்னான். பின்னால் ஏறுகிறேன் என்றேன். துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் ஒருவன் கதவைத் திறந்து என்னை உள்ளே தள்ளினான்.

குளுவாங்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை, அதற்கு அப்பால் அவர்கள். மேடுகளில் பின்னால் இருந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். நானும் இறங்கப் போனேன். ஒஸ்மான் என் தொடையில் கைவைத்து, “உட்காருங்கள் துவான். உங்களையும் வடக்கே ஏற்றிவிடுவார்கள்” என்றார். உட்கார்ந்தேன். அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தேனோ என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன்.

குளுவாங்கில் அவர்களுக்குச் சரக்கு வண்டி நின்றது, ஜன்னல் இல்லாத இரும்புப் பெட்டிகள். மாணிக்கம் ஏறும்முன் அரிசி மூட்டையை அவரிடம் நீட்டினேன். தலையசைத்தார். “பாக்கியத்துக்குக் குடுங்க.” ஒஸ்மான் அதைத் தன் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, மார்பில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அவர்கள் வண்டி வடக்கே போனது. ஒரு மணி கழித்து என்னுடையது தெற்கே வந்தது.

ஜொகூர் பாருவில் காவலாளிக்கு வணங்கினேன். வீட்டில் மீனாட்சி என் கன்னத்தின் வீக்கத்தைப் பார்த்துவிட்டு கிழங்கு அவித்துப் போட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள், “தோட்டத்துல சோறு போட்டாங்களாமே?” என்று விசாரித்தார்கள். ஊரே கிழங்கு தின்றபோது நான் மட்டும் சோறு தின்றுவிட்டு வந்திருந்தேன். “போட்டாங்க” என்றேன்.

சண்டை முடிந்து ரயில்கள் ஓரளவு ஒழுங்கானதும் நான் மறுபடி காஹாங் போனேன். பாக்கியத்தைப் பார்த்து என்ன பேசுவது என்று வழியெல்லாம் சொற்களைச் சேர்த்துக்கொண்டு போனேன். ஒன்றும் தேவைப்படவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் மாணிக்கமே உட்கார்ந்திருந்தார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. புண் அழுகி அங்கேயே எடுத்துவிட்டார்களாம். என்னைப் பார்த்ததும் சத்தம் போட்டுச் சிரித்தார்.

“பாக்கியம், யார் வந்திருக்காங்க பாரு!”

அரிசி வந்து சேர்ந்தது என்று பாக்கியம் சொன்னார். பெரிய காசு என்னவாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. நகாமுராவையும் பிறகு யாரும் பார்க்கவில்லை. மாணிக்கம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஆட்களையெல்லாம் கூப்பிட்டு, “இவருதான் நான் திருடன் இல்லைன்னு சொன்ன செட்டியார்” என்றார். அவர்கள் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது. அந்த லாரியில் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் மாணிக்கத்தோடு மூன்று பேர்தான் என்று அதற்குள் கேள்விப்பட்டிருந்தேன்.

நான் கிளம்பும்போது ஒரு பெண் சாலைவரை பின்னால் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது.

“அன்னைக்கு அந்த லாரில நீங்களும்தானே போனீங்க?” என்றாள்.

“ஆமாம்மா.”

“எங்க வீட்டுக்காரரும் அதுலதான் போனாரு. ஊதாச் சட்டை. நெட்டையா இருப்பாரு. பின்னால ஓரமா நின்னுக்கிட்டிருந்தாரு. குளுவாங் போற வரைக்கும் ஏதாவது பேசுனாரா? எங்களைப் பத்தி ஏதாவது சொன்னாரா? கிராணி ஐயாவைக் கேட்டேன், அவருக்கு ஞாபகம் இல்லைங்கிறாரு.”

குரலில் கோபம் இல்லை. ஆசையாகத்தான் கேட்டாள்.

பின்னால் நின்ற இருபது சொச்சம் பேரில் மாணிக்கத்தைத் தவிர ஒருவர் முகத்தையும் நான் பார்த்திருக்கவில்லை. ஊதாச் சட்டையைப் பார்க்கவில்லை. ஒருவர் பெயரும் கேட்கவில்லை.

“நான் முன்னால உக்காந்திருந்தேம்மா” என்றேன்.

“அப்படியா” என்றாள். பஸ் வரும்வரை என்கூடவே நின்றாள்.